பென்சிலில் எழுதிய முடிவு

என் அத்தான் என்ன வேலை பார்க்கிறார் என்று யாராவது கேட்டால் எனக்கு எரிச்சல் வரும். அவர் அக்காவைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து இந்தக் கேள்விக்கு நான்தான் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். "இசைப் பதிப்பாளர்" என்றால், "ஓ, கேசட் போடுவாரா?" என்பார்கள். இல்லை, தாளில் அச்சடிப்பவர் என்றால், "பாட்டுப் புத்தகமா?" என்பார்கள். அதுவும் இல்லை, வயலினும் செல்லோவும் டிரம்பெட்டுமாக ஒரு மேடை நிறைய ஆட்கள் உட்கார்ந்து வாசிக்கிறார்களே, அவர்கள் முன்னால் ஸ்டாண்டில் ஒரு தாள் இருக்கிறதே, அந்தத் தாள் என்று சொன்னால், கேட்டவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிடும். அதையும் ஒருவர் உட்கார்ந்து செய்ய வேண்டும் என்பது அப்போதுதான் அவருக்கு உறைக்கும். 'பாவம் உங்க அக்கா' என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், அவ்வளவுதான்.

நான் மூக்குக்கண்ணாடி விற்பவன். தரைத்தளத்தில் என் கடை. முதல் மாடியில் அத்தானின் பதிப்பகம். பதிப்பகம் என்றால் இரண்டு அறைகள், கூரை வரைக்கும் தட்டுகள், தட்டு முழுக்க பழுப்பு உறைகள். அதற்கு மேல் மாடியில் வீடு. எதிரே பஸ் டிப்போ. பஸ் கிளம்பும்போதெல்லாம் அத்தான் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஜன்னல் அதிர்வது நிற்கும்வரை காத்திருந்து, பிறகு எழுதுவார். அவருடைய பொறுமை முழுவதும் அந்தப் பஸ்களுக்கே செலவாகிவிட்டது என்று அக்கா சொல்லுவாள். மனிதர்களிடம் காட்ட மிச்சமில்லை.

இளவயதில் ஒரு பெரிய பதிப்பகத்தில் நகலெடுப்பவராகச் சேர்ந்தார். இசையமைப்பவர் எழுதிக் கொடுக்கும் முழுப் பிரதியில் எல்லா வாத்தியமும் ஒன்றின் கீழ் ஒன்றாக இருக்கும். வாசிப்பவருக்கு அது முழுவதும் வேண்டாம். தன் வாத்தியத்தின் வரி மட்டும் போதும். அதைத் தனியாகப் பிரித்தெழுதிய தாளுக்குத் தொழிலில் 'பார்ட்' என்று பெயர். அத்தான் பல வருஷம் பார்ட் எழுதினார், பிறகு பிழை பார்த்தார், பிறகு பதிப்பாசிரியர் ஆனார். முதலாளி கண்ணை மூடியதும் பிள்ளைகள் கம்பெனியை விற்றார்கள். வாங்கியவர்களுக்குச் செத்துப்போன பெரிய இசைமேதைகள் மட்டும் போதுமாயிருந்தது. உயிரோடு இருக்கிறவர்கள் எழுதியதையெல்லாம் கூழாக்க அனுப்பப் போனார்கள். அத்தான் போய்ச் சண்டை போட்டு, அந்தக் கட்டுகளை ஒரு காய்கறி வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இந்த இரண்டு அறைகளில் இறக்கினார். எல்லோரும் வேலையை விடும்போது ஏதாவது கொண்டுவருவார்கள், என் வீட்டுக்காரர் குப்பையைக் கொண்டுவந்தார் என்று அக்கா அன்றைக்குத் தலையில் அடித்துக்கொண்டாள்.

அவருடைய பைத்தியங்களைச் சொல்லிமாளாது. ஒரு பக்கம் எங்கே முடிய வேண்டும் என்பது ஒரு பைத்தியம். வயலின் வாசிக்கிறவருக்கு இரண்டு கையும் வேலையாக இருக்கும்போது பக்கம் முடிந்தால் அவர் எப்படிப் புரட்டுவார்? அவர் சும்மா இருக்கும் இடத்தில்தான் பக்கம் முடிய வேண்டும். அதைச் சரிபார்க்க நாற்காலியில் உட்கார்ந்து, குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, பிளாஸ்டிக் அளவுகோலை வில்லாக்கி, வாயால் முனகிக்கொண்டே பக்கம் புரட்டிப் பார்ப்பார். என் கடைக்கு வந்த ஒரு அம்மாள் வழி தவறி மேலே ஏறிப்போய் அந்தக் காட்சியைக் கண்டு, கண்ணாடியே வேண்டாம் என்று இறங்கிப்போய்விட்டார்.

இன்னொரு பைத்தியம் இதைவிடப் பெரியது. எழுதியவர் வைத்ததுதான் சட்டம். ஒருமுறை ஒரு கண்டக்டர், மேடையில் நின்று குச்சியை ஆட்டி இத்தனை பேரையும் நடத்துகிறவர், நேரிலேயே வந்தார். நல்ல மனிதர். தயங்கித் தயங்கித்தான் கேட்டார்.

"சார், நடுவுல கொஞ்சம் இழுக்குது. ரெண்டு பக்கம் வெட்டிக்கலாமா?"

"உங்க தலைமுடியை வெட்டிக்கோங்க சார், யாரு வேணாம்னாங்க? எழுதினவங்க சொன்னா நான் இருபது பக்கம்கூட வெட்டுறேன். நீங்க சொன்னா ஒரு புள்ளியைக்கூட எடுக்க மாட்டேன்."

அந்த மனிதர் என் கடையில் வந்து உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

இப்படிப்பட்டவருக்கு அச்சுப் போட்டு விற்பதில் என்ன கிடைக்கும்? பிழைப்பு ஓடியது வாடகையில். ஒரு குழு ஒரு படைப்பை வாசிக்க வேண்டுமென்றால் பார்ட் கட்டை வாடகைக்கு எடுத்துப்போய், கச்சேரி முடிந்ததும் திருப்பி அனுப்பும். போகும்போது வெள்ளையாகப் போகிற தாள், வரும்போது பென்சில் கிறுக்கலோடு வரும். 'இங்கே மெதுவாக', 'இங்கே தூங்காதே', 'இவர் கை எங்கே போகுதுன்னு கடவுளுக்கே வெளிச்சம்'. ஓரத்தில் 'பால், சோப்பு, பல்பு'. பல இடங்களில் ஒரு மூக்குக்கண்ணாடி படம். கண்டக்டரைக் கவனி என்று அதற்கு அர்த்தமாம். என் கடைக்கு இவ்வளவு விளம்பரமா என்று நான் முதலில் சந்தோஷப்பட்டுவிட்டேன்.

இதையெல்லாம் அழிப்பது அக்கா. கல்யாணமாகி வந்ததிலிருந்து அவள் கைக்கு ரப்பர்தான். சாப்பாட்டு மேஜையைத் துடைத்துவிட்டு, பழைய துணியை விரித்து, கட்டைப் பிரித்து உட்காருவாள். மகள் படித்து முடித்து வேறு ஊருக்குப் போன பிறகும் அந்த மேஜையில் இடமில்லை. சட்டம் ஒன்றே ஒன்று, அதைப் போட்டவர் அத்தான்: மையில் இருந்தால் தொடாதே, பென்சிலில் இருந்தால் விடாதே. கட்டு வந்த வாரமே அழித்துவிட வேண்டும். அடுத்த குழு எப்போது கேட்கும் என்று தெரியாது. இத்தனை செய்தும் அக்கா ஒரு கச்சேரிக்கும் போனதில்லை. "நாள் பூரா அதைத்தானே தேய்க்கிறேன். காதால வேற கேக்கணுமா?" என்பாள்.

இனி டீச்சரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எல்லோருக்கும் அவர் டீச்சர்தான். வீட்டில் பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுத்துக் காலம் தள்ளியவர். அந்த வேலைக்கு நடுவில், முழு இசைக்குழுவுக்கென்று பெரிதாக ஒன்றே ஒன்று எழுதினார். அத்தான் அதைப் படித்த அன்றே என் கடைக்கு இறங்கி வந்து, வாடிக்கையாளர் நிற்பதையும் பார்க்காமல், "மாப்ளே, கடைசியில ஒருத்தர் வந்துட்டாங்க" என்றார். அதற்குப் பிறகு பல வருஷம் அந்தக் கட்டைத் தூக்கிக்கொண்டு குழுக்களின் வாசலில் நின்றார். யாரென்றே தெரியாத கிழவி எழுதியதை யார் வாசிப்பார்கள்? காக்க வைத்தே அனுப்பினார்கள். எனக்குத்தான் ஆத்திரம் ஆத்திரமாக வரும். அவர் திரும்பி வந்து, ஒரு பக்கத்தின் முடிவை இன்னும் கொஞ்சம் சரிசெய்து வைப்பார்.

கடைசியில் நகரத்தின் இரண்டாவது குழு ஒத்துக்கொண்டது. பகலில் வேறு வேலை பார்க்கிறவர்கள் சேர்ந்து வாசிக்கும் குழு அது. ஒத்திகைக்கு டீச்சரும் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். தான் எழுதியதை முதல்முறையாகக் காதால் கேட்டார். கேட்டதும் முடிவு பிடிக்கவில்லை. அவர் எழுதியிருந்தது எல்லா வாத்தியமும் முரசும் ஜால்ராவுமாக முழங்கி முடிகிற முடிவு. இடைவேளையில் மேடையேறி, வாசிப்பவர்களின் நடுவே நடந்து, ஒவ்வொருவரிடமும் குனிந்து, "நீங்க இங்கேயே நிறுத்திடுங்க", "நீங்க இன்னும் ஒரு வரி போங்க, சத்தமில்லாம" என்று சொல்லிக்கொண்டே போனார். சிலருக்குப் புதிதாக ஒரு வரியை முனகியும் காட்டினார். அவரவர் பார்ட்டில் அவரவர் பென்சிலால் குறித்துக்கொண்டார்கள்.

கச்சேரிக்கு நான் போயிருந்தேன். எனக்கு இந்த இசையில் ஆனா ஆவன்னா தெரியாது. ஆனால் அந்தக் கடைசிப் பக்கத்தைச் சொல்லியே ஆக வேண்டும். ஒவ்வொரு வாத்தியமாக ஓய்ந்தது. வயலினுக்கு அண்ணன்போல் சற்றுப் பெரிதாக இருக்குமே வயோலா, அது மட்டும் மிச்சம் நின்றது. வீட்டில் எல்லோரும் சாப்பிட்டு எழுந்துபோன பிறகு ஒருத்தி மட்டும் தனக்குள் முனகிக்கொண்டு பாத்திரம் கழுவுவாளே, அப்படி இருந்தது. பிறகு அதுவும் நின்றது. யாருக்கும் கை தட்டத் தோன்றவில்லை. அத்தான் அழுதார். நானும்தான். வெட்கமாக இருந்தது.

வானொலிக்காரர்கள் பதிவு செய்ய வருவதாக இருந்தது. வாசிப்பவர்களின் சங்கத்துக்கும் அவர்களுக்கும் ஏதோ தகராறு. மைக் வைக்க விடவில்லை. அத்தான் அதற்காகக் கவலைப்படவில்லை. "புது முடிவை எழுதிக் குடுத்துடுங்க டீச்சர், அச்சுக்குப் போயிடலாம்" என்றார். அவரோ, "பார்ட் எல்லாம் உங்க கைக்குத்தானே தம்பி வருது? அதைப் பார்த்து நீங்களே எழுதிடுங்க, நான் கையெழுத்துப் போடுறேன்" என்றார். அத்தானின் வாழ்நாள் ஆசை அந்த ஒரு பக்கத்தில் வந்து நின்றது. அந்த முடிவோடு அது அச்சில் வர வேண்டும். வேறொன்றும் அவர் கேட்கவில்லை.

அந்த வாரமே அவருக்குக் கண்புரை ஆபரேஷன். முன்பே நாள் குறித்தது. கட்டைப் பற்றி அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தான் கண் கட்டோடு படுத்திருக்கும்போது கட்டு வந்து சேரும் என்று அவருக்குத் தோன்றவில்லை. குழுக்கள் மாதக்கணக்கில் இழுத்தடித்துத்தான் திருப்பி அனுப்புவார்கள். இந்தக் குழு மட்டும் நல்ல பிள்ளையாக உடனே அனுப்பிவிட்டது.

கண்ணில் பஞ்சு எடுத்து, கறுப்புக் கண்ணாடி மாட்டி, நான்தான் அவரைக் கைபிடித்து மாடிக்கு ஏற்றினேன். மேஜைமேல் கட்டு சதுரமாக, ஒரு முனை மடங்காமல் இருந்தது. அக்கா முகமெல்லாம் பூரிப்பு.

"நீங்க படுத்திருந்தப்பவே எல்லாத்தையும் முடிச்சு வச்சுட்டேன். டீச்சரோடதுன்னு தெரிஞ்சதும் விசேஷமா பார்த்துப் பார்த்துத் தேய்ச்சேன். முனையெல்லாம் சுருண்டு இருந்துச்சு, மெல்லிசா இஸ்திரி கூடப் போட்டேன்."

அத்தான் ஒரு தாளை எடுத்தார். கண்ணருகே கொண்டுபோனார். இன்னொன்றை எடுத்தார். வயோலா பார்ட்டைத் தேடி எடுத்துக் கடைசிப் பக்கத்தை விரலால் தடவினார். பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நல்லா அழிச்சிருக்கே" என்றார்.

கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். என்ன நடந்தது என்று நான்தான் அக்காவிடம் சொல்ல வேண்டியதாயிற்று. அவள் முதலில் கட்டைப் பிரித்து ஒவ்வொரு தாளாகப் புரட்டிப் பார்த்தாள். பிறகு வந்தது பாருங்கள் கோபம்!

"யாரு போட்ட சட்டம் இது? பென்சில்னா விடாதேன்னு சொன்னது நீங்கதானே? ஊர்ல இருக்கிறவன் கிறுக்கினதையெல்லாம் இத்தனை வருஷமா தேய்ச்சேனே, ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, இதைத் தொடாதேன்னு வாயைத் திறந்து சொல்லக்கூடாதா?"

அவள் சொன்னதில் என்ன தப்பு? அத்தான் பேசாமல் இருந்ததில்தான் என்ன தப்பு? யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் நான் பஸ் டிப்போமேல் கோபப்பட்டேன்.

பென்சில் அழிந்தாலும் அழுத்திய தடம் தாளில் இருக்கும். என் கடையிலிருந்து விளக்கையும் லென்ஸையும் கொண்டுவந்து, வெளிச்சத்தைப் பக்கவாட்டில் விழ வைத்துப் பார்த்தோம். ஒன்றுமில்லை. இஸ்திரிப் பெட்டி தடத்தையும் சேர்த்து எடுத்துவிட்டிருந்தது. கண்டக்டரின் பிரதியும் அதே கட்டில்தான் வந்திருந்தது, அதே மேஜையில்தான் சலவை ஆகியிருந்தது.

சரி, வாசித்தவர்களின் ஞாபகத்தில் இருக்குமல்லவா என்று அத்தான் கிளம்பினார். டாக்டர் வெயிலில் போகாதே என்றார், யார் கேட்டது? ஒவ்வொருவராகத் தேடிப் போனோம். கண்டக்டரைக் கேட்டால், "நான் என்னத்தைக் கண்டேன் சார்? ஒவ்வொருத்தரா நின்னுக்கிட்டே வந்தாங்க, நானும் கையைக் கீழே போட்டேன்" என்றார். ஹார்ன் என்ற பித்தளைக் குழல் வாசிப்பவர், குடிநீர் வாரியத்தில் வேலை, குழாய் பழுது பார்த்த கையோடு வந்தார். "கடைசிப் பக்கத்துல நான் வாசிக்கவே இல்ல சார். அது மட்டும் நல்லா ஞாபகம் இருக்கு. அவ்வளவு சந்தோஷம்" என்றார். ஒரே ஸ்டாண்டைப் பங்கு போட்டு வயோலா வாசித்த இரண்டு பெண்களுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. தனித்தனியாகப் போய்க் கேட்டோம். கடைசி ஸ்வரம் மேலே போய் நின்றது என்றார் ஒருவர். கீழே இறங்கியது என்று சத்தியம் செய்தார் மற்றவர். இருவரும் வாசித்தும் காட்டினார்கள். இரண்டும் எனக்கு நன்றாகத்தான் இருந்தன. அத்தான் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதிக்கொண்டார்.

சேர்த்துவைத்ததை டீச்சரிடம் கொண்டுபோனோம். பக்கத்து அறையில் ஒரு பிள்ளை பியானோவில் அதே வரியை விடாமல் தட்டிக்கொண்டிருந்தது. டீச்சர் தாளைப் பார்த்து மெல்ல முனகிக்கொண்டே போனார். முடிந்ததும் மூடி வைத்தார்.

"நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா இது ஒரு கூட்டத்தோட ஞாபகம். என்னோடது இல்ல."

"அப்ப நீங்களே எழுதிக் குடுங்க டீச்சர். எதுவா இருந்தாலும் சரி."

"அன்னிக்கு அவங்க நடுவுல நின்னேன். ஒவ்வொரு முகமா பார்த்துச் சொன்னேன், வந்துச்சு. இங்க உட்கார்ந்து வரவழைக்கணும்னா..."

முயன்று பார்த்தார், பாவம். மாதங்கள் போயின. எழுதுவதும் கிழிப்பதுமாக இருந்தார். ஒருநாள் கூப்பிட்டு அனுப்பி, முதலில் எழுதியதையே அச்சடிக்கச் சொன்னார்.

"டீச்சர், அது தப்பான முடிவு. உங்களுக்கே தெரியும்."

"தப்பா சரியான்னு எழுதினவங்கதான் சொல்லணும்னு ஊர் பூரா சண்டை போடுறது யாரு தம்பி?"

பின்னிணைப்பாக வயோலா முடிவையும் போடலாமே என்று நான் மூக்கை நுழைத்தேன். டீச்சர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"கல்யாணப் பத்திரிகையில, 'இல்லாட்டி இந்த மாப்பிள்ளையையும் கட்டிக்கலாம்'னு கீழே போடுவாங்களா?"

அச்சாகி வந்தது. அதைவிடச் சுத்தமான பதிப்பை அத்தான் செய்ததில்லை. ஒரு பிழை கிடையாது; எல்லாப் பக்கமும் முடிய வேண்டிய இடத்தில் முடிந்தது. கடைசிப் பக்கத்தை மட்டும் அவர் பிழை பார்க்கும்போது, குப்பைத்தொட்டியைத் துழாவுகிறவர்போல் முகத்தைத் திருப்பிக்கொண்டே பார்த்தார்.

கூத்து அதற்குப் பிறகுதான். இத்தனை வருஷம் வாசலில் நிற்க வைத்தவர்கள் போன்மேல் போன் போட்டார்கள். ஒரு குழு வாசித்தது, கூட்டம் எழுந்து நின்று தட்டியது, உடனே அடுத்த குழு கேட்டது. எல்லோரும் சொல்லி வைத்தாற்போல் ஒன்றையே சொன்னார்கள்: "அந்த முடிவு இருக்கே சார், அட்டகாசம்!" துக்கம் விசாரிக்க வந்தவர்களுக்குப் பதில் சொல்வதுபோல, அத்தான் "ம், ம்" என்று கேட்டுவிட்டு ரிசீவரை வைப்பார். அவருடைய தொழில் வாழ்க்கையில் கிடைத்த ஒரே வெற்றி இது. அதை அனுபவிக்கக்கூடக் கொடுப்பினை இல்லை. கச்சேரிகளில் கடைசிப் பக்கம் நெருங்கும்போது இருமுவதுபோல் எழுந்து வெளியே போய்விடுவார். அக்காவோ ரப்பரைக் கையால் தொடுவதையே விட்டுவிட்டாள். கட்டுகள் மேஜையில் குவிந்து கிடந்தன.

பெரிய அரங்கத்தில், நகரத்தின் முதல் குழு அதை வாசிக்க முடிவுசெய்தபோது டீச்சரே மாடியேறி வந்து அக்காவை அழைத்தார். மறுக்க முடியவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக அக்கா கச்சேரிக்கு வந்தாள். எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தாள். அவள் இருந்ததால் அத்தானால் எழுந்து போக முடியவில்லை. கடைசிப் பக்கம் வந்தது. முரசு இடித்தது, ஜால்ரா மோதியது, மேடை முழுக்க முழங்கி முடிந்தது. அரங்கமே எழுந்து நின்றது. நாங்களும் எழுந்தோம். டீச்சரை மேடைக்குக் கைபிடித்து ஏற்றினார்கள். அவர் எந்தப் பக்கம் வணங்குவது என்று தெரியாமல் சிரித்துக்கொண்டே சுற்றிச் சுற்றிக் கும்பிட்டார்.

அக்காவின் கன்னம் நனைந்திருந்தது. அந்தச் சத்தத்தில் அத்தானின் காதருகே போய்க் கேட்டாள்.

"நான் அழிச்சேனே, அது இதைவிட நல்லா இருந்துச்சாங்க?"

அத்தான் தட்டுவதை நிறுத்தவில்லை. மேடையைப் பார்த்தபடியே, "இதுவும் சரிதான்" என்றார்.

அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இத்தனை வருஷத்துல எந்தத் தாளைப் பார்த்தும் 'இதுவும் சரிதான்'னு நீங்க சொல்லி நான் கேட்டதே இல்லையே" என்றாள்.

அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். சற்று நேரம் நின்றிருந்த அத்தானும் கையைக் கீழே விட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். டீச்சர் கண்ணை இடுக்கிக்கொண்டு எங்கள் வரிசையைத்தான் தேடிக்கொண்டிருந்தார். அதனால் நான் மட்டும் நின்றுகொண்டு பலமாகத் தட்டிக்கொண்டே இருந்தேன்.